மகளின் கைக்கு ஒரு பிடி

எனக்கு இந்த நாட்டில் துப்பாக்கியைத் தொட அனுமதி இல்லை. நான் யாரையும் சுட்டவன் என்பதால் அல்ல. இலங்கைப் பாஸ்போட் வைத்திருப்பவன், அவ்வளவுதான். சில நாடுகளின் பெயரைப் போட்டு, அந்த நாட்டுக்காரர் ஆயுதம் வாங்கவும் கூடாது வைத்திருக்கவும் கூடாது என்று சுவிஸ் சட்டம் சொல்கிறது. அதில் எங்கள் நாடும் இருக்கிறது. எனக்கு மேல்மாடியில் இருக்கும் சுவிஸ்காரப் பெடியன் ஆமியில் கொடுத்த துவக்கை, பனியில் சறுக்கும் கட்டைகளோடு சேர்த்து அலுமாரியில் சாத்தி வைத்திருக்கிறான். துவக்குக்குப் பயந்து ஓடி வந்தவனுக்குத் துவக்குக் கொடுக்கக் கூடாது என்று சட்டம் போட்ட புத்திசாலிகளை நினைத்து நான் பல தடவை தனியாகச் சிரித்திருக்கிறேன். என் மகள் பிஸ்டல் சுடப் பழகுகிறாள் என்று தெரியவந்த நாளில் அந்தச் சிரிப்பு நின்றது.

இரண்டாயிரத்து ஒன்பதில்தான் நான் டாவோஸை விட்டு எம்மன்புரூக்கேக்கு வந்தேன். அதுவரை மலைமேல் ஹோட்டல் குசினிகளில் பீங்கான் கழுவினேன், பிறகு காய் வெட்டினேன், பிறகு குளிர்சாப்பாட்டுப் பகுதிக்கு உயர்ந்தேன். மனைவியும் மகளும் எம்மன்புரூக்கேயில். மனைவிக்கு லுசேர்ண் ஹோட்டல் ஒன்றில் துணி தோய்க்கும் பகுதியில் வேலை, மகளுக்குப் பள்ளிக்கூடம். சீசன் முடிந்து ஹோட்டல் பூட்டும்போது நான் வீட்டுக்கு வருவேன். வந்தால் முதல் இரண்டு நாளும் மகள் என்னை விருந்தாளியைப் பார்ப்பது போலப் பார்ப்பாள். மூன்றாம் நாள் பக்கத்தில் வந்து இருப்பாள். அதற்குள் அடுத்த சீசன் வந்துவிடும்.

அந்த வருடம் ஊரில் யுத்தம் முடிந்தது. முடிந்த விதத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டுத் தமிழ் வீடுகள் எல்லாம் வாயை மூடிக்கொண்டன. நானும் மூடிக்கொண்டேன். இனி மலையில் தனியாக இருக்க என்னால் ஏலாது என்று மனைவிக்குச் சொன்னேன். அவள் ஆரையோ பிடித்து எனக்குத் தொழிற்சாலை வேலை ஒன்று எடுத்துத் தந்தாள். இயந்திரத்திலிருந்து வரும் இரும்புத் துண்டுகளின் விளிம்பில் நிற்கும் பிசிறை அரத்தால் அராவி எடுக்கிற வேலை. காய் வெட்டின கைக்கு அது கஷ்டமாக இருக்கவில்லை. குடும்பத்தோடு ஒரே கூரையின் கீழ் இருக்கப்போகிறேன் என்ற சந்தோசத்தில் எதைத் தந்தாலும் அராவியிருப்பேன்.

அந்தச் சந்தோசம் நீடிக்கவில்லை. கொஞ்சக் காலத்தில் மனைவி வருத்தமாகி ஆஸ்பத்திரியில் படுத்தாள். வந்த வருத்தம் அவளைக் கொண்டுபோய்விட்டது. மகள் மூக்குக்கண்ணாடிக் கடை வேலைக்குப் படித்து முடித்து, ஸுக் நகரத்தில் ஒரு கடையில் சேர்ந்து, அங்கேயே அறை எடுத்துக்கொண்டு போனாள். போனதில் பிழை இல்லை. இங்கே பிள்ளைகள் போகிற வயதில் போகிறார்கள்.

முதலில் ஒவ்வொரு ஞாயிறும் வந்தாள். பிறகு ஒன்றுவிட்ட ஞாயிறு. பிறகு "வாறன் அப்பா, பாப்பம்" என்பதோடு நின்றுவிடும். வந்தாலும் எங்களுக்குக் கதை இல்லை. அவளுடைய அம்மாதான் எங்கள் இருவருக்கும் நடுவில் மொழிபெயர்ப்பாளர் மாதிரி இருந்தவள். அவள் இல்லாத மேசையில் நான் "வேலை எப்பிடி?" என்று கேட்பேன். மகள் "பரவாயில்லை" என்பாள். "குளிரோ அங்கை?" என்பேன். "இங்கை மாதிரித்தான்" என்பாள். சோறு முடிய முதலே கதை முடிந்துவிடும். அவள் பஸ் ஏறிப் போன பிறகு அவள் குடித்த தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவாமல் கொஞ்ச நேரம் வைத்திருப்பேன். இந்தப் பிள்ளை ஒருநாள் அடியோடு வராமல் விடப்போகிறது என்ற பயம் எனக்கு. பகலில் அரத்தின் சத்தத்திலும் அதுதான் மனதில் ஓடிக்கொண்டிருக்கும்.

அப்படி ஒரு ஞாயிறுதான், புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்.

"அப்பா, நான் ஒரு பிஸ்டல் கிளப்பில சேந்திருக்கிறன்."

அவளுடைய கடைக்குச் சுடுகிறவர்கள் விசேசக் கண்ணாடி செய்ய வருவார்களாம். அப்படி வந்த ஒரு வயதானவர், கண்ணாடியைச் சரிபார்க்க ஒருதரம் சுடும் இடத்துக்கே வந்து பார் என்று கூப்பிட்டாராம். போனவளுக்குப் பிடித்துவிட்டது. அவளிடம் சுவிஸ் பாஸ்போட், அவளுக்குத் தடை இல்லை.

"அது ஒரு விளையாட்டு அப்பா. மூச்சைப் பிடிச்சுக்கொண்டு ஆடாமல் அசையாமல் நிக்கிறதுதான் முக்கால்வாசி. மற்றதெல்லாம் யோசிக்க ஏலாது. எனக்கு அது நல்லா இருக்கு."

ஊரில் துவக்கு வைத்திருந்த எல்லாரும், எந்தப் பக்கத்தவர் என்றாலும், எங்கள் வீட்டு வாசலில் நின்று ஒரே தொனியில்தான் கேள்வி கேட்டார்கள். அந்தத் தொனிக்குத் தப்பித்தான் நான் இவ்வளவு தூரம் வந்து மலையில் பீங்கான் கழுவினேன். இந்த வீட்டில் பிறந்த பிள்ளை காசு கட்டிப் போய்ச் சுடப் பழகுகிறதா? கத்தவேண்டும் போல இருந்தது. என் கத்தலின் சத்தம் எனக்கே தெரியும், டாவோஸ் குசினிகளில் அதற்கு நல்ல பெயர் இருந்தது. ஆனால் கத்தினால் இவள் எழும்பிப் போவாள், போனால் அடுத்த ஞாயிறு வரமாட்டாள். நான் மீன்குழம்புச் சட்டியை அவள் பக்கம் தள்ளிவிட்டு, "இன்னும் கொஞ்சம் விடு" என்றேன்.

அவள் தொடர்ந்து கதைத்தாள். அதுதான் எனக்கு அதிசயம். அவளுடைய அம்மா போனதற்குப் பிறகு அவள் அவ்வளவு நேரம் கதைத்து நான் கேட்டதில்லை. இலக்குத் தாள், மூச்சு, விசையை இழுக்கும் விரல், எல்லாம் சொன்னாள். கடைசியில் ஒரு குறையும் சொன்னாள்.

"பிடிதான் சரியில்லை. ஆம்பிளையளின்ர கைக்குச் செய்தது. என்ர கைக்குள்ள நிக்குதில்லை, சுத்துது."

நான் அவள் கையைப் பார்த்தேன். புட்டில் குழம்பைப் பிசைந்துகொண்டிருந்த சின்னக் கை, ஒடுங்கின உள்ளங்கை, அம்மாவின் நீட்டு விரல். அந்தக் கைக்கு ஒரு பிடி செய்ய என்னால் ஏலும் என்று பட்டது. இரும்பில் கண்ணுக்குத் தெரியாத பிசிறையெல்லாம் விரலால் தடவிக் கண்டுபிடிக்கிறவன் நான், ஒரு மரத்துண்டையா செய்யமாட்டேன்? அதோடு இன்னொன்றும் பட்டது. இது ஒன்றுதான் நான் கொடுத்து, அவளுக்குத் தேவைப்படக்கூடியது. மற்றதெல்லாம் அவளிடம் இருந்தது.

பிஸ்டலின் பெயரைக் கதையோடு கதையாக விசாரித்துக்கொண்டேன். அடுத்த சனிக்கிழமை லுசேர்ணில் ஒரு துப்பாக்கிக் கடைக்குள் போனேன். வாழ்க்கையில் முதல்தரம். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்தார், நான் அவர் முகத்தைப் பார்த்தேன். நான் உடனே, எனக்குத் துப்பாக்கி வேண்டாம், மரப்பிடி மட்டும் வேண்டும் என்றேன். அவர் சிரித்துவிட்டு, மரத்துக்குச் சட்டம் இல்லை என்றார். அந்த மொடலுக்கு உள்பக்கம் குழி வெட்டி, வெளிப்பக்கம் செதுக்காமல் மொத்தமாக விட்ட நுஸ்பௌம் மரப்பிடி ஒன்று இருந்தது. சுவிஸில் வாதுமை மாதிரி ஒரு கொட்டை காய்க்குமே, அந்த மரம். எடுத்துத் தர முதல் அவர், "லிங்ஸா, ரெக்ட்ஸா?" என்று கேட்டார். இடக்கையோ வலக்கையோ என்று. சூரியன் எந்தப் பக்கம் உதிக்கும் என்று கேட்ட மாதிரி இருந்தது எனக்கு. "ரெக்ட்ஸ்" என்றேன், பின்னே என்ன.

அடுத்த முறை அவள் வந்தபோது, சின்னப் பிள்ளைகள் உருவம் பிடிக்கிற களிமண்ணில் ஒரு உருண்டை வாங்கி வைத்திருந்தேன். சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்தவளிடம் நீட்டினேன்.

"இதை ஒருக்கா இறுக்கிப் பிடி பிள்ளை."

"என்னத்துக்கு அப்பா?"

"வேலைக்கு."

அவள் வலக்கையால் வாங்கினாள். அப்பா நீட்டியதை வேறு எந்தக் கையால் வாங்குவது? இறுக்கிப் பிடித்துவிட்டுத் திருப்பித் தந்தாள். அவளுடைய விரல்கள் அப்படியே அதில் இருந்தன. அவள் போன பிறகு அந்தக் குழிகளில் என் விரலை வைத்துப் பார்த்தேன். என் விரல் ஒன்றும் போகவில்லை.

வேலை எங்கள் கட்டடத்தின் கெல்லரில் நடந்தது. நிலத்துக்குக் கீழே ஒவ்வொரு வீட்டுக்கும் பலகைக் கதவு போட்ட ஒரு சின்னக் கூடு உண்டு, சாமான் போட. அங்கே ஒரு பழைய மேசையில் இடுக்கியைப் பூட்டினேன். மெஷின் ஒன்றும் இல்லை, மர அரமும் மண்கடதாசியும்தான். பிஸ்டல் இல்லாமல் பிஸ்டலுக்குப் பிடி செய்வது எப்படி? உள்குழியை அளந்து, அதற்குள் சரியாகப் போகிற மாதிரி ஒரு அலுமினியத் துண்டைத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளரைக் கேட்டு, கழிவுத் துண்டில் அராவிக்கொண்டேன். அதைப் பிடிக்குள் செருகினால் பிஸ்டலின் எலும்பு மாதிரி. அந்த எலும்பைத்தான் நான் தொட்டேன், உண்மைச் சாமானை இன்றுவரை தொட்டதில்லை.

களிமண்ணைப் பார்ப்பேன், மரத்தில் இரண்டு இழுவை இழுப்பேன், தடவுவேன், திரும்பக் களிமண்ணைப் பார்ப்பேன். எடுத்த மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. அதனால் எடுக்கவேண்டியதில் பாதியைத்தான் எப்போதும் எடுப்பேன். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் உள்ள சவ்வு போய் அணைகிற வளைவுதான் வில்லங்கமானது. அங்கே சரியாக இருந்தால் மற்ற விரல்கள் தாங்களே தங்கள் இடத்துக்குப் போய்விடும். குளிர்காலம் முழுக்கச் சனிக்கிழமைகள் அப்படிப் போயின. ஞாயிற்றுக்கிழமை அராவ முடியாது, இங்கே அன்று சத்தம் போடக் கூடாது. ஒருதரம் அராவியபோது மூன்றாம் மாடிப் பெண்மணி படியிறங்கி வந்து, இன்றைக்கு ஞாயிறு என்று எனக்கு அறிவித்தாள். எனக்குத் தெரியாதா? ஞாயிறு என்றால் என்ன என்று அந்தக் கட்டடத்தில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

முடிந்தபோது ஆளிவிதை எண்ணெய் தேய்த்தேன். மரம் பலாக்கொட்டை நிறத்துக்கு வந்து மினுங்கியது. அவள் வந்ததும் துணியை விரித்து மேசையில் வைத்தேன். அவள் முதலில் தொடாமல் குனிந்து இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு வலக்கையால் எடுத்து இறுக்கிப் பிடித்தாள். விரல்கள் ஒவ்வொன்றாய்ப் போய் இருந்ததை நான் பார்த்தேன்.

"அச்சொட்டா இருக்கு அப்பா."

அவளுக்குக் கண் கலங்கியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அவள் போகும்போது துணியோடு கவனமாகப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அன்று பின்னேரம் நான் பாட்டுப் போட்டுக்கொண்டு குசினி நிலத்தைக்கூடத் துடைத்தேன்.

அதற்குப் பிறகு அவள் வரவு கூடும் என்று நினைத்தேன். குறைந்தது. போனில், பிடி எப்படி என்று கேட்டால், "நல்லா இருக்கு அப்பா" என்று அவசரமாகச் சொல்லிவிட்டு வேறு கதைக்குப் போய்விடுவாள். எங்கேயாவது வெட்டுகிறதா, உரசுகிறதா, கொண்டு வா, திருத்தித் தருகிறேன் என்றால், "ஒண்டும் இல்லை, எல்லாம் சரி" என்பாள். பிழை இல்லாத வேலை ஒன்று உலகத்தில் இல்லை. அராவுகிறவனிடம் எல்லாம் சரி என்று சொன்னால் அவன் நம்புவானா? எனக்குள் ஒரு கோபம் ஏறத் தொடங்கியது. இவளுக்கு அப்பா செய்த சாமான் வெட்கமாக இருக்கிறது, வெள்ளைக்காரர் நடுவில் எடுக்கக் கூச்சப்படுகிறாள் என்று முடிவுகட்டினேன்.

இலையுதிர் காலத்தில் அவர்களுடைய கிளப்பில் வருடக் கடைசிச் சுடுதல் இருந்தது. குடும்பத்தவர்களும் வருவார்கள், சூப்பும் செர்வலா சொசேஜும் கொடுப்பார்கள் என்று அவள் வாய்தவறிச் சொல்லியிருந்தாள். நான் வரட்டோ என்றேன். "தூரம் அப்பா, குளிரும்" என்றாள். தூரமாம். டாவோஸ் மலையில் இத்தனை குளிர்காலம் கழித்தவனுக்குக் குளிருமாம். நான் சொல்லாமல் ரயில் ஏறினேன்.

ஊருக்கு வெளியே ஒரு காட்டோரத்தில் நீளமான மரக்கட்டடம். வாசலில் நின்ற வயதானவருக்கு நான் யாரென்று சொன்னதும் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர்தான் இவளை முதலில் கூட்டிப்போனவர். காது மூடி ஒன்றைத் தந்து, கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினார். சட்டம் அந்தக் கண்ணாடிவரைதான் என்னை விடும் என்று நானே முடிவுசெய்துகொண்டேன். வரிசையில் நின்றவர்களில் என் மகளைத் தேடினேன். பின்னலைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன்.

அவள் பக்கவாட்டில் நின்றாள். வலக்கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டிருந்தாள். இடக்கை மெதுவாக உயர்ந்து, நீண்டு, அசையாமல் நின்றது. சுட்டாள். இறக்கினாள். மூச்சு விட்டாள். திரும்ப இடக்கை உயர்ந்தது. பிஸ்டலில் கடையில் வந்த அதே கறுப்புப் பிடி, அதைச் சுற்றி ஆஸ்பத்திரிப் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. அவளுக்குப் பக்கத்தில் இருந்த மேசையில் பிஸ்டல் பெட்டி திறந்து கிடந்தது. அதற்குள், என் துணியில் பாதி சுற்றியபடி, நான் செய்த பிடி இருந்தது.

"இடக்கைக்காரி," என்று வயதானவர் என் பக்கம் குனிந்து சுவிஸ் ஜேர்மனில் பெருமையாகச் சொன்னார். "எங்கள் கிளப்பில் அப்படி அதிகம் பேர் இல்லை. உங்களுக்குத் தெரியும்தானே."

"ஓம், ஓம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன்.

அவள் திரும்பி என்னைக் கண்டபோது முகம் வெளிறியது. சுடுகிற நேரம் முடிந்து, சூப்புக் கிண்ணங்களோடு ஒரு மூலையில் எதிரெதிரே இருந்தோம். சுற்றிவரச் சிரிப்பும் சத்தமும். நான் குரலை அடக்கிக்கொண்டு கேட்டேன்.

"ஏன் சொல்லேல்லை?"

"எப்பிடி அப்பா சொல்லுறது? அவ்வளவு பாடுபட்டுச் செய்திருக்கிறியள்."

"அந்தக் களிமண்ணை ஏன் சோத்துக்கையால பிடிச்சனி?"

"நீங்கள் தந்தியள், வாங்கினன். என்னத்துக்கெண்டு தெரியாதே. வீட்டை மேசையில இருந்தா எனக்கு அந்தக் கைதான் தானா வரும்."

"எப்ப தொடக்கம் இது?"

"எது?"

"இடக்கை."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"பிறந்ததில இருந்து அப்பா. எழுதுறது, கத்தரிக்கோல், பல்லுத் தீட்டுறது, எல்லாம் இதாலதான். சாப்பிடேக்கயும் பெரியாக்களிட்டை வாங்கேக்கயும் மட்டும் மற்றக் கை எண்டு அம்மா சொல்லித் தந்தவ."

"அம்மாவுக்குத் தெரியுமோ?"

"அம்மாவுக்குத் தெரியாமல்?"

நான் சூப்பைக் குடித்து முடித்தேன். திரும்பி வரும் ரயிலில் மனைவிமேல்தான் எனக்கு முதலில் கோபம் வந்தது. போனில் எல்லாம் சொன்னாள், பிள்ளைக்குக் காய்ச்சல், பிள்ளைக்குப் பல் விழுந்தது, பிள்ளை கணக்கில் கெட்டிக்காரி என்று. இதை ஏன் சொல்லாமல் விட்டாள்? பிறகு யோசித்தேன். அவள் ஏன் சொல்வாள்? தினமும் கண்ணுக்கு முன்னால் இருக்கிற ஒன்றை யாராவது செய்தி என்று போனில் சொல்வார்களா? நான் வீட்டுக்கு வந்த நாட்களில் நாங்கள் சேர்ந்து செய்ததெல்லாம் சாப்பிட்டதுதான். சாப்பாட்டு மேசையில் என் மகளுக்கு ஒரு கைதான் இருந்தது. ஸுக் ஏரி யன்னலில் ஓடிக்கொண்டிருந்தது. நான் அழவில்லை, ஆனால் எதிரே இருந்த ஆள் எழும்பி வேறு இடத்துக்குப் போனான்.

வீட்டுக்கு வந்ததும் சப்பாத்தைக் கழற்றாமல் போன் எடுத்தேன்.

"வாற ஞாயிறு வா. மற்றக் கையோட வா" என்றேன்.

அவள் வந்தாள். கடைக்காரரிடம் போய் "லிங்ஸ்" என்று கேட்டு இன்னொரு மரத்தை வாங்கி, சனிக்கிழமையே மொத்தமாக அராவி வைத்திருந்தேன். இந்தத் தடவை களிமண் சரிப்படாது, கையையே வைத்துப் பார்க்கவேண்டும். கை மரத்தில் எங்கே முட்டுகிறது என்று தெரிய அடையாளம் போட ஏதாவது பூசவேண்டும். தொழிற்சாலையில் அதற்கு நீலமாக ஒரு பசை உண்டு, ஆனால் அது மரத்தில் ஊறினால் போகாது. கோதுமை மாவைப் பூசிப் பார்த்தேன், கட்டிபட்டது. கடைசியில் சுவாமித் தட்டிலிருந்த திருநீற்றை எடுத்துக்கொண்டு வந்தேன். மெல்லிய சாமான், கறுத்த மரத்தில் பளிச்சென்று தெரியும், துடைத்தால் போய்விடும்.

"கையை நீட்டு" என்றேன்.

அவள் வலக்கையை நீட்டினாள். இருவரும் அதைப் பார்த்தோம். அவள் சிரித்துவிட்டாள். பிறகு அதை மடியில் வைத்துவிட்டு மற்றக் கையை மேசைமேல் கொண்டு வந்தாள், என்னவோ களவு எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பவள் மாதிரி.

இடக்கையில் திருநீறு வாங்குவதும் இல்லை, கொடுப்பதும் இல்லை. என் விரல் ஒரு கணம் நின்றதுதான். இதில் சிவபெருமானுக்குக் கோபம் வந்தால் அவர் என்னோடு நேரே கதைக்கட்டும் என்று, அள்ளி அவள் உள்ளங்கை முழுக்கத் தடவினேன். அந்தக் கையை நான் அன்றுதான் முதல்தரம் பார்த்தேன் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். நடுவிரலில் பேனை பிடித்துப் பிடித்து வந்த தடிப்பு. பெருவிரல் அடியில் அந்தக் கறுப்புப் பிடி தின்ற காயம், ஆறியும் ஆறாமலும். வலக்கையைவிடக் கொஞ்சம் அகலமாக, தசை வைத்து, வேலை செய்கிற கையாக இருந்தது. இவ்வளவு காலமும் நான் பார்த்துக்கொண்டிருந்தது அவளுடைய விருந்தாளிக் கை.

அவள் மரத்தைப் பிடிப்பாள், விடுவாள். வெள்ளை பட்ட இடங்களை நான் அராவுவேன். திரும்பத் திருநீறு, திரும்பப் பிடி. ஞாயிறு என்பதால் அரத்தை வைத்துவிட்டு மண்கடதாசியால் சத்தமில்லாமல் தேய்த்தேன். கை சும்மா இருக்காத நேரத்தில் வாய் சும்மா இருக்காது போலும். அவள் கதைத்தாள். பள்ளிக்கூடத்தில் மையெல்லாம் கையில் பூசுப்பட்டதைச் சொன்னாள். கடையில் திருகாணி முடுக்கும்போது மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பதைச் சொன்னாள். ஒரு ஞாயிறு, பெருவிரல் வளைவை நான் தேய்த்துக்கொண்டிருந்தபோது சொன்னாள்:

"ஆஸ்பத்திரியில அம்மாவுக்குக் கஞ்சி பருக்கினது இந்தக் கையாலதான். நான் மறந்துபோய் இதால குடுத்திட்டன். அம்மா பாத்தா, ஒண்டும் சொல்லேல்லை. குடிச்சா."

நான் அப்போது பின்னேர வேலையில் இருந்திருப்பேன். தேய்ப்பதை நிறுத்தாமல் "ம்" என்றேன். மரத்தூள் கண்ணில் விழுந்தது என்று எழும்பிப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

அந்த மாதங்களில் அவள் ஒரு ஞாயிறும் தவறவில்லை. பிடி முடியும்வரை வருவாள் என்று எனக்குத் தெரியும். முடிந்த பிறகு என்ன என்பதும் தெரியும். அதற்கு வழியும் என் கையில் இருந்தது. எடுக்கவேண்டியதில் பாதியை எடுக்கிற நான், காற்பங்கை எடுத்தால் போதும். அடுத்த கோடைவரை இழுக்கலாம். அவளுக்கு மரவேலை தெரியாது, கண்டுபிடிக்கமாட்டாள். இதை யோசிக்கவில்லை என்றால் பொய். ஒரு சனிக்கிழமை கெல்லரில் அரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் சும்மா இருந்தேன். ஆனால் அவள் அந்தக் கறுப்புப் பிடியோடுதான் இன்னும் சுட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு கிழமையும் அந்தக் காயம் திறந்து வந்தது, திருநீறு பட்டால் அவளுக்கு எரிந்தது, அவள் சொல்லவில்லை, நான் கண்டேன். அன்று எடுக்கவேண்டியதை முழுக்க எடுத்தேன்.

அடுத்த நாள் அவள் பிடித்துவிட்டு விட்டபோது, வெள்ளை ஒரு இடத்திலும் திட்டாக இல்லை. உள்ளங்கை முழுவதும் ஒரே சீராகப் பதிந்திருந்தது. ரேகைகூடத் தெரிந்தது.

"இன்னும் வேலை இருக்கோ அப்பா?"

"இல்லை. முடிஞ்சுது."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு துணியில் சுற்றிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

கிழமை நடுவில் போன் வந்தது. அவள் குரலில் அப்படி ஒரு துள்ளலை நான் சின்ன வயதில்கூடக் கேட்டதில்லை, அல்லது கேட்க நான் அங்கே இருக்கவில்லை.

"அப்பா, சுட்டுப் பாத்தன்!"

"எப்பிடி? எங்கையும் முட்டுதோ?"

"இல்லை அப்பா. கையில ஒண்டுமே இருக்கிற மாதிரித் தெரியேல்லை. பிடி எண்டு ஒண்டு இருக்கிறதையே மறந்து போனன்."

ஒரு பிடியைப் பற்றி இதைவிட மேலாக ஒருவரும் ஒன்றும் சொல்லமுடியாது. நான் கேட்க ஆசைப்பட்டதும் அதைத்தான்.

"அப்ப சரி" என்றேன்.

"வாற ஞாயிறு போட்டி இருக்கு, அதுக்குப் பிறகும் ஒண்டு இருக்கு. பிறகு வாறன் அப்பா, பாப்பம்."

"ஓம், ஓம். ஆறுதலா வா."

போனை வைத்துவிட்டுக் குசினியில் நின்று நன்றாக அழுதேன். சந்தோசத்திலோ என்று கேட்டால், ஓம், சந்தோசமும் இருந்தது. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, எனக்கு மட்டும் அரைச் சுண்டு அரிசி போட்டேன்.